டிசம்பரில் டீச்சருக்குப் பரிசு: கையைக் கடிக்காமல் கொடுக்க, எதைத் தவிர்க்க வேண்டும்?

அமெரிக்காவில் டிசம்பர் பிறந்தாலே நம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "டீச்சருக்கு என்ன வாங்கறீங்க?" குளிர்கால விடுமுறைக்கு முன் ஆசிரியருக்குச் சின்னதாக ஏதாவது கொடுப்பது இங்கே வழக்கம். கட்டாயம் கிடையாது. அந்தக் கேள்வியிலேயே ஒருவர் விடுபட்டுப்போகிறார். அவர்தான் வகுப்பின் எய்டு, அதாவது ஆசிரியருக்குத் துணையாக வகுப்பில் இருக்கும் உதவியாளர்.

கிண்டர்கார்டன் குழந்தைக்குக் கோட் ஜிப்பை மாட்டிவிடுவது, மதிய உணவு டப்பாவைத் திறந்து கொடுப்பது, பாத்ரூமுக்குக் கூட்டிப்போவது, அழுதால் பக்கத்தில் உட்காருவது எல்லாம் பெரும்பாலும் அவர்தான். சிறப்புக் கல்வி தேவைப்படும் குழந்தைகளுக்கு நாள் முழுக்கத் துணையாக இருப்பவரும் அவரே. சம்பளமோ ஆசிரியருடையதைவிட மிகக் குறைவு. மணிக்கணக்குக் கூலியில் வேலை பார்க்கும் பலருக்கு விடுமுறை நாட்களில் அதுவும் கிடைக்காது. ஆசிரியருக்கு 25 டாலர் கார்டு, எய்டுக்கு 5 டாலர் சாக்லேட் என்று கொடுத்தால், ஒரே அறையில் நிற்கும் இருவருக்கும் அந்த வித்தியாசம் தெரிந்துவிடும். கையில் 30 டாலர்தான் இருக்கிறதா? 15, 15 என்று பிரியுங்கள். எய்டு இரண்டு பேரா? ஆளுக்குப் பத்து. எனக்கு இதில் இரண்டாவது கருத்தே இல்லை. கவரின் மேல் "எய்டு" என்று எழுதாமல், குழந்தையிடமோ ஆசிரியரிடமோ பெயரைக் கேட்டு, எழுத்துப் பிழை இல்லாமல் எழுதுங்கள்.

அடுத்தது விதிகள். அரசுப் பள்ளி ஆசிரியர் ஓர் அரசு ஊழியர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். மாசசூசெட்ஸில் ஒரு குடும்பம் 50 டாலரோ அதற்கு மேலோ மதிப்புள்ள பரிசைக் கொடுக்க முடியாது. வகுப்பே சேர்ந்து கொடுத்தால் ஒரு கல்வியாண்டில் 150 டாலர் வரை போகலாம். ஆனால் யார் கொடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்பது ஆசிரியருக்குத் தெரியக் கூடாது. நியூயார்க் நகரப் பள்ளிகளிலும் சிறிய மதிப்புள்ள, அன்பின் அடையாளமான பரிசுகளுக்குத்தான் இடம். மாநிலத்துக்கு மாநிலம், மாவட்டத்துக்கு மாவட்டம் இது மாறும். பள்ளியின் கையேட்டைப் புரட்டிப் பாருங்கள், இல்லாவிட்டால் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். விலை உயர்ந்த பொருளை நீட்டி, அதை மறுக்க வேண்டிய சங்கடத்தில் ஆசிரியரை நிறுத்த வேண்டாம்.

வகுப்புக்காகப் பணம் திரட்டும்போது "ஆளுக்கு 20 டாலர்" என்று தொகையை அறிவிப்பது எனக்கு ஏற்பில்லை. கொடுத்தவர் பட்டியலைக் குழுவில் போடுவது அதைவிடப் பெரிய தவறு. வேலை போன குடும்பமும், மூன்று பிள்ளைகளைப் படிக்கவைக்கும் குடும்பமும் அதே குழுவில்தான் இருக்கின்றன. "முடிந்தவர்கள் முடிந்ததை அனுப்புங்கள்" என்று எழுதுங்கள். வாழ்த்து அட்டையில் பணம் தந்தவர், தராதவர் என்று பார்க்காமல் எல்லாக் குழந்தைகளின் கையெழுத்தும் இருக்கட்டும்.

வீட்டில் செய்த முறுக்கும் முந்திரிக்கொத்தும் நமக்கு அன்பின் உச்சம்தான். ஆனால் வாங்குபவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. முந்திரி, வேர்க்கடலை, பால் மூன்றுமே ஒவ்வாமைப் பட்டியலில் இருப்பவை. 2023 ஜனவரி முதல் எள்ளும் முக்கிய ஒவ்வாமைப் பொருட்களில் ஒன்பதாவதாகச் சேர்ந்துவிட்டது. எள்ளுருண்டை கொடுக்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது. கடலை, முந்திரி வகைகளையே உள்ளே விடாத பள்ளிகளும் உண்டு. இனிப்பு கொடுத்தே ஆக வேண்டுமென்றால், உள்ளடக்கம் அச்சிட்ட, பிரிக்காத கடைப் பெட்டி நல்லது.

காபி மக், வாசனை மெழுகுவர்த்தி, ஆப்பிள் படம் போட்ட பொருட்கள்: வேண்டாம். பத்து வருடம் பாடம் எடுத்தவர் வீட்டு அலமாரியில் அவை நிறையவே இருக்கும்.

கிஃப்ட் கார்டு எளிது, பயனுள்ளது. ஆனாலும் கவனிக்கச் சில விஷயங்கள் உண்டு. விசா முத்திரையுள்ள கார்டுகளுக்கு வாங்கும்போதே சில டாலர் கட்டணம் போகும். 10 டாலர் பரிசுக்கு அது தண்டச் செலவு. அவர் போகிற மளிகைக் கடை, டார்கெட் போன்றவற்றின் சொந்தக் கார்டில் பொதுவாக அந்தக் கட்டணம் இல்லை. கடையில் தொங்கும் கார்டுகளின் எண்ணைத் திருட்டுத்தனமாகக் குறித்துக்கொண்டு, பணம் ஏறியதும் உருவிவிடும் மோசடி நடக்கிறது. உறை பிரிந்திருக்கிறதா, ரகசிய எண்ணை மூடிய பட்டை சுரண்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். 2009-இல் வந்த கூட்டாட்சிச் சட்டப்படி கார்டில் உள்ள பணம் குறைந்தது 5 ஆண்டுகளுக்குக் காலாவதியாகாது என்பதால், அவர் உடனே செலவழிக்காவிட்டாலும் கவலையில்லை.

எல்லோரும் கிறிஸ்துமஸ் கொண்டாடுபவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆசிரியர் யூதராக இருக்கலாம், முஸ்லிமாக இருக்கலாம், பண்டிகையே கொண்டாடாத யெகோவாவின் சாட்சியாகவும் இருக்கலாம். பண்டிகையின் பெயரைச் சொல்லாமல் நன்றி மட்டும் சொன்னால் யாருக்கும் பொருந்தும்.

எதைக் கொடுத்தாலும் நான்கு வரிக் கடிதம் ஒன்றை உடன் வையுங்கள். "எல்லாவற்றுக்கும் நன்றி" என்பது போதாது. "செப்டம்பரில் பேருந்தைவிட்டு இறங்கவே அழுதவன், இப்போது உங்களைத் தேடி ஓடுகிறான்" என்று நடந்ததை எழுதுங்கள். குழந்தை தன் கையாலேயே எழுதினால் இன்னும் நல்லது, எழுத்து கோணலாக இருந்தாலும் திருத்த வேண்டாம். எய்டின் வேலையைக் குறிப்பிட்டுப் பாராட்டிப் பள்ளி முதல்வருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பைசா செலவில்லை, அவர் செய்வதை மேலிடம் கவனிக்க அதுவே வழியாகலாம்.

விடுமுறைக்கு முந்தைய கடைசி நாள் வரை காத்திருந்தால், பனியில் பள்ளி மூடிக்கொள்ளலாம், ஆசிரியரே விடுப்பில் போயிருக்கலாம். இரண்டு மூன்று நாள் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். டிசம்பரில் கையில் பணமில்லை என்றால் இப்போதைக்குக் கடிதத்தை மட்டும் அனுப்புங்கள். மே மாதத்தின் முதல் முழு வாரம் ஆசிரியர் பாராட்டு வாரம். பரிசை அப்போது கொடுத்துக்கொள்ளலாம், எய்டுக்கும் சேர்த்து.