குளிர்நாளில் கேபிடல் ரிங் நடக்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

ஜனவரி பிறந்தால் கேபிடல் ரிங் பக்கம் புதியவர்கள் கூட்டம் கூடிவிடும். லண்டனைச் சுற்றி ஏறக்குறைய 126 கிலோமீட்டர் ஓடும் நடைபாதை இது. 15 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள், 2005-இல் முழுமையானது. எந்த இடத்தில் நின்றாலும் பக்கத்தில் ஒரு ரயில் நிலையமோ பஸ் நிறுத்தமோ இருக்கும் என்பதால், "ஊருக்குள்ளேதானே, என்ன ஆகிவிடப் போகிறது" என்று கிளம்பி வருகிறார்கள். ஆரம்பத்தில் நாங்கள் செய்த தவறுகளையே இவர்களும் வரிசையாகச் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். நல்ல ஷூ, தண்ணீர், குடை பற்றியெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

வீட்டு வாசலிலேயே எல்லாவற்றையும் மாட்டிக்கொள்வது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான்.

கிரீன்ஃபோர்டிலிருந்து சவுத் கென்டன் வரையிலான 9-ஆம் பகுதிக்கு ஒரு குளிர்காலத்தில் ஒரு தம்பி வந்திருந்தார். பருத்தி பனியன், அதன்மேல் சட்டை, கனத்த ஸ்வெட்டர், முழங்கால் வரை இறங்கும் பஞ்சு ஜாக்கெட், கழுத்தில் மஃப்ளர். டியூப் ரயிலுக்குள் ஹீட்டர் வேறு. கிரீன்ஃபோர்டில் இறங்கும்போதே அவருக்கு நெற்றி மின்னியது. "ஜாக்கெட்டைக் கழற்றிப் பையில் வையுங்கள்" என்றேன். "இல்லண்ணா, குளிருது" என்றார்.

கால்வாய்க் கரை முடிந்ததும் ஹார்சென்டன் குன்று. 85 மீட்டர்தான் உயரம், ஆனால் ஏறும்போது உடம்பு அடுப்பாகிவிடும். உச்சி வெறும் புல்வெளி, காற்றைத் தடுக்க ஒன்றும் கிடையாது. எல்லோரும் நின்று ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் பெஞ்சில் உட்கார்ந்து ஜிப்பை இறக்கினார். முதலில் சுகமாகத்தான் இருந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் தோள் இரண்டும் ஆடத் தொடங்கிவிட்டன. பனியன் முதுகில் அப்படியே ஒட்டிக்கிடந்தது, ஸ்வெட்டரைத் தொட்டால் அதுவும் ஈரம். தெர்மாஸை நீட்டினால் மூடியைத் திருக விரல் வரவில்லை. மாற்றிக்கொள்ளக் காய்ந்த துணி அவரிடம் ஒன்றும் இல்லை. ஒருவர் தன் ஃபிளீஸைக் கொடுத்தார், சட்பரி ஹில் நிலையத்தில் ரயிலேற்றி அனுப்பினோம். "எனக்குக் குளிர் ஒத்துக்காது" என்று சொல்லி நடப்பதையே விட்டுவிட்டாராம். எனக்கு ஆறாதது அதுதான். அவரை வதைத்தது அவருடைய சொந்த வியர்வை. இதை யாரும் அவருக்கு முன்கூட்டியே விளக்கிச் சொல்லவில்லை.

நடக்கும்போது உடம்பு, சும்மா உட்கார்ந்திருப்பதைவிடப் பல மடங்கு சூட்டை உண்டாக்குகிறது. அது வெளியேற வழியில்லாவிட்டால் வியர்க்கும். பருத்தி அந்த ஈரத்தைக் குடித்துவிட்டு விடாமல் பிடித்துக்கொள்ளும். நடை நின்றதும் சூடு உண்டாவது குறைந்துவிடும், ஆனால் ஈரத்துணி தோலிலிருந்து சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். ஜாக்கெட் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் உள்ளே ஈரம் என்றால் பயன் குறைவுதான்.

அதனால் கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும், முதல் பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். தோலை ஒட்டிப் போடுவது மெல்லிய கம்பளியோ பாலியெஸ்டரோ ஆக இருக்கட்டும். ஜீன்ஸ் வேண்டாம், அதுவும் பருத்திதான். மேடு ஏறுவதற்கு முன்பே ஒன்றைக் கழற்றுங்கள், உட்காருவதற்கு முன்பே ஒன்றைப் போடுங்கள். குளிர ஆரம்பித்த பிறகு போட்டால் சூடு திரும்ப நேரமாகும். காய்ந்த பனியன் ஒன்றை பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

மலையில் நடப்பவருக்கு இல்லாத ஒரு தொல்லை ஊருக்குள் நடப்பவருக்கு உண்டு. வழியெல்லாம் சூடான கஃபேக்கள். டீ குடிக்கிறேன் என்று ஜாக்கெட்டோடு அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, வேர்த்த உடம்போடு வெளியே வருகிறார்கள். உள்ளே நுழைந்ததும் கழற்றிவிடுங்கள். ரயிலிலும் அப்படித்தான்.

கோடைக் கணக்கில் நேரம் போடுவது

டிசம்பர் நடுவில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஃபிரையன்ட் பூங்கா பக்கம் களிமண் சேறு ஷூவைப் பிடித்து இழுக்கும், வேகம் பாதியாகிவிடும். ஹைகேட்டிலிருந்து ஃபின்ஸ்பரி பார்க் போகும் பார்க்லேண்ட் வாக், 1954-இல் பயணிகள் ரயில் நின்றுபோன பழைய இருப்புப்பாதை. அங்கே விளக்கு கிடையாது. பதினொரு மணிக்கு மேல் கிளம்பி வந்து, அங்கே இருட்டில் போனைத் தூக்கிப் பிடித்து நடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்பதரைக்குள் நடையைத் தொடங்குங்கள்.

போனை வெளிப்பாக்கெட்டில் வைப்பது

குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும். உள்பாக்கெட்டில் வையுங்கள்.

பலகையை மட்டும் நம்புவது

பிக் பென் படம் போட்ட வழிகாட்டிப் பலகைகள் நல்ல துணைதான். ஆனால் சில கம்பங்களில் அவை திரும்பியிருக்கும், சில இடங்களில் காணாமலே போயிருக்கும். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தேம்ஸை மறந்துவிடுவது

ஐல்வர்த் பக்கம் ஆற்றில் கடலின் ஏற்ற இறக்கம் இருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் ஏறினால் கரைப்பாதை சில இடங்களில் மூழ்கிவிடும். குளிர்நாளில் ஷூவுக்குள் தண்ணீர் போனால் அன்றைய நடை அதோடு சரி. ஐல்வர்த் வழியாகப் போகும் 7-ஆம் பகுதிக்குப் போவதாக இருந்தால், நீர் ஏறி இறங்கும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கால்வாய் விளிம்பில் நடப்பது

உறைபனி இருந்தால் வேண்டாம்.

ரயில் ஓடும் என்று நினைத்துக்கொள்வது

வார இறுதியில் தண்டவாள வேலைக்காகத் தடங்களை மூடுவது லண்டனில் வழக்கம். தொடங்கும் நிலையத்தை எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள். முடிக்கும் நிலையத்தையும் பாருங்கள்.