விலை குறைந்த பெரிய டிவியில் படம் சரியில்லையா? முதலில் மெனுவைத் திறந்து பாருங்கள்

55 இன்ச், 4கே என்று பார்த்து வாங்கிய டிவியில் முகங்கள் மெழுகுபோல வழவழவென்று இருக்கின்றன, இருட்டுக் காட்சியில் ஒன்றும் தெரியவில்லை, கிரிக்கெட் பந்து வால் முளைத்து ஓடுகிறது. உடனே பேனல் (படம் காட்டும் திரைப் பலகை) மட்டம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கோளாறு மூன்று இடங்களில் இருக்கலாம்: டிவிக்குள் வரும் சிக்னல், டிவியின் செட்டிங்ஸ், பேனல். முதல் இரண்டையும் பெரும்பாலும் வீட்டிலேயே சரிசெய்யலாம். மூன்றாவது என்றால் மெனுவில் மணிக்கணக்காக உட்கார்ந்தும் பயனில்லை.

எது என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. படம் மோசமாகத் தெரியும்போதே ரிமோட்டில் செட்டிங்ஸ் மெனுவைத் திறங்கள். மெனு எழுத்துகளை டிவியே உருவாக்குகிறது; வெளியிலிருந்து வரும் சிக்னலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. எழுத்து பளிச்சென்று இருந்து, பின்னால் ஓடும் படம் மட்டும் மசமசவென்று இருந்தால் சிக்னல் அல்லது செட்டிங்ஸ். மெனுவின் மேலேயும் கோடு, கறை, நிறத்திட்டு விழுந்தால் பேனல் அல்லது அதன் பின்னாலிருந்து ஒளி தரும் பேக்லைட்.

சிக்னல்

4கே பேனலில் 3840×2160, அதாவது சுமார் 83 லட்சம் புள்ளிகள். சாதாரண எஸ்டி சானலில் 720×576, சுமார் 4 லட்சம். ஒரு புள்ளியை இருபதாகப் பெருக்கித்தான் டிவி திரையை நிரப்புகிறது. விலை குறைந்த டிவிகளின் பிராசசர் சறுக்குவது இந்த வேலையில்தான். எனவே எச்டி சானல் இருந்தால் அதையே பாருங்கள். எஸ்டி-யைத் தவிர்க்க முடியாவிட்டால் நாற்காலியைப் பின்னால் தள்ளுவதே மருந்து: 55 இன்ச் திரையில் எச்டி-க்கு 2 மீட்டர் போதும், எஸ்டி-க்கு 4 மீட்டராவது வேண்டும்.

செட்-டாப் பாக்ஸ் இன்னமும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரில் இணைந்திருந்தால் எச்டி சானலும் எஸ்டி ஆகத்தான் வரும். எச்டிஎம்ஐ கேபிளுக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகு பாக்ஸின் சொந்த மெனுவுக்குள் போய் வீடியோ அவுட்புட்டை 1080-க்கும், திரை விகிதத்தை 16:9-க்கும் வையுங்கள். பலர் கேபிளை மாற்றிவிட்டு இந்த இரண்டாவது வேலையை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்து ஓவர்ஸ்கேன். டிவி படத்தின் ஓரங்களைக் கொஞ்சம் வெட்டிவிட்டு மீதியை இழுத்துக் காட்டும். கூர்மை அதிலேயே போய்விடும். படத்தின் அளவு பகுதியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஸ்கிரீன் ஃபிட்’, ‘1:1’ இவற்றில் ஏதோ ஒரு பெயரில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

4கே 60 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 60 படம்) சிக்னல் தரும் கருவிக்கு 18 ஜிபிபிஎஸ் தாங்கும் கேபிள் வேண்டும். திரையில் வெள்ளைப் புள்ளிகள் மின்னினாலோ, ஓரிரு விநாடி கறுத்துத் திரும்பினாலோ, முதலில் கேபிளைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஆனால் கேபிளால் நிறம் வெளிறாது. ‘நிறத்தைக் கூட்டும்’ விலையுயர்ந்த கேபிளுக்குக் கொடுக்கும் பணம் வீண்.

ஸ்ட்ரீமிங் ஆப்பில் மட்டும் படம் மங்கலா? வேகம் 25 எம்பிபிஎஸ் இருக்கிறதா, உங்கள் சந்தாத் திட்டத்தில் 4கே உண்டா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் மங்கல் என்றால், ஆண்ட்ராய்டு டிவிகளில் வைட்வைன் என்ற நகல் தடுப்பு (டிஆர்எம்) முறையின் நிலையைச் சோதிக்க வேண்டும். டிஆர்எம் தகவல் காட்டும் இலவச ஆப் போதும். எல்1 என்று வந்தால் நல்லது. எல்3 என்றால் பல சேவைகள் எஸ்டி தரத்துக்கு மேல் அனுப்பாது. செட்டிங்ஸை எப்படி மாற்றினாலும் இது மாறாது. எல்1 உள்ள ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கைச் செருகுவதுதான் வழி.

செட்டிங்ஸ்

கடையில் காட்சிக்கு வைப்பதற்கான ஸ்டோர் மோடில் இருந்தால் ஹோம் மோடுக்கு மாற்றுங்கள். பிறகு பிக்சர் மோடில் ‘விவிட்’-ஐ விட்டு ‘சினிமா’ அல்லது ‘மூவி’. முதலில் பழுப்படித்ததுபோல இருக்கும், ஏனென்றால் விவிட் மோடின் நீலத்துக்குக் கண் பழகியிருக்கிறது. படங்கள் தயாராவது 6500 கெல்வின் வெள்ளையை வைத்து. ‘வார்ம்’ அமைப்புதான் அதற்கு நெருக்கம். சில நாள் அப்படியே விட்டுப் பாருங்கள்.

அதிகம் கெடுப்பது ஷார்ப்னெஸ். அது விவரத்தைக் கூட்டுவதில்லை, விளிம்பைச் சுற்றிக் கோடு போடுகிறது. இருண்ட பின்னணியில் வெள்ளை எழுத்து வரும் இடத்தில் படத்தை நிறுத்திக் கிட்டே போய்ப் பாருங்கள். எழுத்தைச் சுற்றி மெல்லிய வளையம் தெரிந்தால், அது மறையும்வரை ஷார்ப்னெஸைக் குறையுங்கள். பல டிவிகளில் 0 முதல் 10-க்குள் நிற்கும். சிலவற்றில் நடு எண்தான் இயல்புநிலை.

பிரைட்னஸையும் பேக்லைட்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அறையின் வெளிச்சத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டியது பேக்லைட். பழைய மெனுக்களில் பிரைட்னஸ் என்பது கறுப்பின் அளவு. சில புதிய டிவிகளில் அதற்கு ‘பிளாக் லெவல்’ என்று பெயர். மேலும் கீழும் கறுப்புப் பட்டை உள்ள படத்தை ஓட்டி, பட்டை சாம்பலாகும்வரை இந்தக் கறுப்பின் அளவை ஏற்றுங்கள், பிறகு கறுப்பாகும்வரை இறக்குங்கள். படத்தில் கறுப்பு உடையின் மடிப்புகள் காணாமல் போனால் ஒரு புள்ளி ஏற்றுங்கள். எவ்வளவு இறக்கியும் கறுப்பு சாம்பலாகவே இருந்தால், எச்டிஎம்ஐ கருவியிலும் டிவியிலும் ஆர்ஜிபி ரேஞ்ச் (கறுப்பு முதல் வெள்ளை வரையிலான சிக்னல் எல்லை) ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் இருக்கலாம். இரண்டையும் ‘லிமிடெட்’ ஆக்குங்கள்.

எனர்ஜி சேவிங், டைனமிக் கான்ட்ராஸ்ட் இரண்டையும் அணையுங்கள். காட்சிக்குக் காட்சி வெளிச்சம் ஏறி இறங்குவது பெரும்பாலும் இவற்றால்தான். நாய்ஸ் ரிடக்‌ஷன் (படத்தின் புள்ளி இரைச்சலை மழுப்புவது) எஸ்டி-க்கு மட்டும் ‘லோ’. எச்டி, 4கே-க்கு வேண்டாம், அந்த மெழுகு முகங்கள் இதனால் வருபவை. அசைவை வழுவழுப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங்கை விளையாட்டுக்குக் குறைந்த அளவில் வைக்கலாம், சினிமாவுக்கு அணைத்துவிடலாம். பெட்டியில் ‘மோஷன் ரேட் 240’ என்று இருந்தாலும் இந்த ரக டிவிகளில் பேனல் பொதுவாக 60 ஹெர்ட்ஸ்தான்.

செய்த மாற்றம் அந்த ஒரு இன்புட்டுக்கு மட்டும் பதிவாகலாம். எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் அதிக வித்தியாசம் காட்டும் முறை) படம் ஓடும்போது வருவது தனி செட்டிங்ஸ். எச்டிஆர் படங்கள் பெரும்பாலும் 1000 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு) வெளிச்சத்தைக் கணக்கில் வைத்துத் தயாராகின்றன. பட்ஜெட் டிவி தருவது பெரும்பாலும் 250 முதல் 350. அதனால்தான் எல்லாம் இருட்டாகிறது. எச்டிஆரில் பேக்லைட்டை முழுதாக ஏற்றி, அந்த வெளிச்சத்தை டிவியின் திறனுக்கு ஏற்பக் காட்சிக்குக் காட்சி சரிசெய்யும் டைனமிக் டோன் மேப்பிங் இருந்தால் போடுங்கள். அப்படியும் போதவில்லையென்றால் வெளிக் கருவியில் எச்டிஆரை அணைத்து எஸ்டிஆரில் (சாதாரண வெளிச்ச முறையில்) பார்ப்பதே மேல். இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

பேனல்

எல்சிடி பேனலில் விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு வகை உண்டு. பக்கவாட்டில் உட்கார்ந்தால் நிறம் வெளிறுவது விஏ பேனலின் இயல்பு. இருட்டறையில் கறுப்பு சாம்பலாவது ஐபிஎஸ் பேனலின் இயல்பு. இரண்டும் பழுதல்ல.

வெள்ளைப் பின்னணியில் வட்டமான பளீர்ப் பொட்டுகள் தெரிந்தால், பேக்லைட்டின் எல்இடி விளக்கின் மேல் ஒட்டியிருந்த லென்ஸ் விழுந்துவிட்டது. சத்தம் வந்து படம் இல்லையா? விளக்கை அணைத்து டார்ச்சைத் திரைக்கு அருகில் சாய்த்து அடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பேக்லைட்டோ அதன் மின்சுற்றோ போய்விட்டது. திரை முழுக்க நீலமோ ஊதாவோ ஏறினால் எல்இடி-கள் தேய்ந்துவிட்டன. அன்றாடம் பேக்லைட்டை 60, 70-க்குள் வைத்திருந்தால் அந்த நாள் தள்ளிப்போகும். இவற்றையெல்லாம் மெக்கானிக் பேக்லைட் ஸ்ட்ரிப்பையோ (எல்இடி பட்டையையோ) அதன் மின்சுற்றையோ மாற்றிச் சரிசெய்ய முடியும். மேலிருந்து கீழாக நிலையான ஒற்றைக் கோடு விழுந்தால் பொதுவாகப் பேனலே போயிற்று. அதை மாற்றும் செலவு புது டிவி விலையை நெருங்கும். வாரண்டி இருக்கும்போதே மெனு திறந்த நிலையில் படம் எடுத்துப் புகார் கொடுங்கள். பின்மூடியை நீங்களே கழற்ற வேண்டாம்: வாரண்டி போகலாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் போர்டின் கப்பாசிட்டரில் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.