கான்டனீஸ் முறையில் ஆவியில் வெந்த முழு மீன்: முதல்முறை சமைப்பவர்களுக்கு

மீன் என்றதும் கை தானாக மிளகாய்த்தூளையும் புளியையும் தேடும் வீட்டில் வளர்ந்தவள் நான். அதனால் இந்தச் சமையலை முதன்முதலில் பார்த்தபோது ஏதோ பாதியில் நின்றுவிட்டது போலிருந்தது. மசாலா இல்லை, ஊறவைக்கவில்லை, பொரிக்கவில்லை. முழு மீனைத் தட்டில் வைத்து ஆவியில் வேகவிட்டு, மேலே இஞ்சியும் வெங்காயத்தாளும் போட்டு, புகைய விட்ட எண்ணெயை ஊற்றி, சுற்றிலும் சோயா சாஸ் விட்டுப் பரிமாறிவிட்டார்கள். ஒரு வாய் சாப்பிட்டதும் புரிந்தது, மீனின் சுவையை அதுவரை நான் தனியாக அறிந்ததே இல்லை என்பது.

கான்டனீஸ் மக்கள் வாழும் சீனாவின் குவாங்டாங் மாநிலத்திலும் ஹாங்காங்கிலும் நல்ல மீன் கிடைத்தால் இப்படித்தான் சமைப்பார்கள். ஹாங்காங்கின் லெய் யூ முன் போன்ற கடலோரப் பகுதிகளில், தொட்டியில் நீந்தும் மீனைக் கைகாட்டி வாங்கி, உயிரோடு உணவகத்துச் சமையலறைக்கு அனுப்புகிறார்கள். அவ்வளவு புதிய மீனின் மேல் எதையும் பூசி மறைக்க அவர்களுக்கு மனம் வருவதில்லை.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் சிங்கப்பூரில் அடுத்த வீட்டில் இருந்த கான்டனீஸ் பாட்டி. மீனைத் தட்டில் வைத்து மூடியதும் அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். அதன்பின் பாத்திரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். நான் தனியாகச் செய்த முதல் மீனை, வேகாமல் போய்விடுமோ என்ற பயத்தில் இருபது நிமிடம் வைத்தேன். சதை சக்கையாகிவிட்டது. குழம்பு மீன் ஐந்து நிமிடம் கூடுதலாகக் கொதித்தாலும் புளியும் காரமும் சேர்ந்து அதைக் காப்பாற்றிவிடும். இங்கே காப்பாற்ற ஒன்றுமில்லை. இந்தச் சமையலில் கற்றுக்கொள்ள வேண்டியதில் முக்கால் பங்கு, சரியான நேரத்தில் நிறுத்துவதுதான்.

எந்த மீன்?

வெள்ளைச் சதையும் மிதமான கொழுப்பும் உள்ள மீன் வேண்டும். கொடுவா முதல் தேர்வு. முள் குறைவு, சதை ஈரமாக நிற்கும், தவறினாலும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். கலவா கிடைத்தால் இன்னும் சிறப்பு. வெள்ளை வவ்வாலும் சங்கராவும் நன்றாக வரும், ஆனால் வவ்வால் தட்டையான மீன் என்பதால் சீக்கிரம் வெந்துவிடும். வஞ்சிரம் வேண்டாம், ஆவியில் வறண்டுபோகும். மத்தி, கானாங்கெளுத்தி போன்ற எண்ணெய் மிகுந்த மீன்களின் வாசனை இந்தச் சமையலுக்கு அதிகம். அவற்றைக் குழம்புக்கே விட்டுவிடுங்கள்.

எடை 600 முதல் 700 கிராமுக்குள் இருக்கட்டும். இரண்டு மூன்று பேருக்குப் போதும், வீட்டுப் பாத்திரத்திலும் அடங்கும். கண் தெளிவாகப் புடைத்திருக்க வேண்டும், செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் சதை உடனே மேலெழ வேண்டும். சந்தேகம் வந்தால் அன்று வறுவல் செய்துகொள்ளுங்கள். பழைய மீனை இந்த முறையில் சமைத்தால் அதன் குறை அத்தனையும் தட்டில் தெரியும்.

என்னென்ன தேவை?

விரல் நீள இஞ்சித் துண்டுகள் இரண்டு, வெங்காயத்தாள் ஆறேழு, கொஞ்சம் கொத்தமல்லி, கடலை எண்ணெய் 3 மேசைக்கரண்டி. சாற்றுக்கு லைட் சோயா சாஸ் இரண்டரை மேசைக்கரண்டி, தண்ணீர் 3 மேசைக்கரண்டி, சர்க்கரை 1 தேக்கரண்டி, வெள்ளை மிளகுத்தூள் ஒரு சிட்டிகை.

சோயா சாஸ் வாங்கும்போது பாட்டிலைக் கவனமாகப் படியுங்கள். டார்க் சோயா சாஸ் நிறத்துக்கானது; ஊற்றினால் மீன் கறுத்து, வெல்லப்பாகு போன்ற ஒரு கனத்த ருசி ஏறிவிடும். நமக்கு வேண்டியது லைட். இன்னொன்று: சீனச் சமையல் குறிப்பில் எள் எண்ணெய் என்று பார்த்துவிட்டு நம் நல்லெண்ணெயை ஊற்றிவிடாதீர்கள். அவர்களுடையது எள்ளை நன்றாக வறுத்து எடுப்பது. வாசனை முற்றிலும் வேறு. இந்த மீனுக்கு அது தேவையும் இல்லை. கடலை எண்ணெய்தான் கான்டனீஸ் வீடுகளின் எண்ணெய், அது நம் வீட்டிலேயே இருக்கிறது.

மீனைத் தயார் செய்தல்

செதில், குடல், செவுள் மூன்றையும் கடையிலேயே எடுத்துத் தரச் சொல்லுங்கள். தலையும் வாலும் இருக்கட்டும். ஆனால் கடைக்காரர் சுத்தம் செய்ததோடு வேலை முடிந்துவிடாது. வயிற்றுக்குள் விரலை விட்டு நடுமுள்ளைத் தடவிப் பாருங்கள். அதை ஒட்டி ஒரு மெல்லிய சவ்வு, அதற்குள் கருஞ்சிவப்பாக உறைந்த இரத்தம் இருக்கும். குழாய்த் தண்ணீரில் பிடித்து, கத்தி நுனியால் சவ்வைக் கீறி, ஒரு சிறு கரண்டியின் விளிம்பால் தலையிலிருந்து வால்பக்கம் வரை சுரண்டி எடுங்கள். தண்ணீர் நிறமில்லாமல் ஓடும்வரை விடாதீர்கள். ஆவியில் வேகும் மீனில் கவிச்சி வாடை வருவதற்குப் பெரிய காரணம் இந்த இரத்தம்தான். மஞ்சளும் எலுமிச்சையும் தேய்த்து ஊறவைப்பதைவிட இந்த இரண்டு நிமிட வேலை அதிகம் உதவும்.

பிறகு உள்ளும் புறமும் துணியால் ஈரம் ஒற்றி எடுங்கள். முதுகுத் துடுப்பை ஒட்டி, சதை தடிமனாக இருக்கும் இடத்தில், இரண்டு பக்கமும் நீளவாக்கில் முள்வரை ஒரு கீறல் போடுங்கள். அப்போதுதான் முதுகு வேகும்வரை காத்திருந்து வயிற்றுப் பக்கம் குழைந்துபோகாது. உப்பு தடவ வேண்டாம், சோயா சாஸில் ஊறவைக்கவும் வேண்டாம். உப்பு சதையின் நீரை வெளியே இழுத்து இறுக்கிவிடும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த மீன் என்றால் இருபது நிமிடம் வெளியே வைத்துவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள். நடுவில் சில்லென்று இருந்தால் நேரக் கணக்கு தப்பிவிடும்.

இட்லிப் பானை போதும்

மூங்கில் கூடை இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். இட்லிப் பானையில் தட்டுகளை எடுத்துவிட்டு, உள்ளே ஓர் உயரமான வளையத்தையோ கவிழ்த்த கிண்ணத்தையோ வைத்தால் போதும். குமிழ் மூடி என்பதால் மூடியில் சேரும் நீர் ஓரமாக வழிந்து இறங்கும், மீன்மேல் சொட்டாது. தட்டையான மூடி என்றால் அதைச் சுற்றி ஒரு துணியைக் கட்டி, முனைகளை மேலே முடிந்துவிடுங்கள், தொங்கினால் தீப்பிடிக்கும். மீன் நீளமாக இருந்து பானையில் அடங்கவில்லையா? தயங்காமல் நடுவில் குறுக்காக வெட்டி இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பரிமாறும்போது சேர்த்து வைத்து, வெட்டிய இடத்தை வெங்காயத்தாளால் மூடிவிடலாம்.

எவர்சில்வர் தட்டு சீக்கிரம் சூடேறும். கனமான பீங்கான் தட்டு என்றால் வேகும் நேரத்தில் ஒரு நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். தட்டில் வெங்காயத்தாளின் வெள்ளைத் தண்டுகளைக் குறுக்கே பரப்பி, அதன்மேல் மீனை வையுங்கள். அடிப்பக்கம் தட்டில் ஒட்டிக் கிடந்தால் அங்கே ஆவி போகாது. வயிற்றுக்குள்ளும் மேலேயும் நான்கைந்து இஞ்சி வில்லைகள்.

வேகவைத்தல்

தண்ணீர் தளதளவென்று கொதித்து, மூடியைத் திறந்தால் முகத்தில் ஆவி அறைகிற நிலை வரும்வரை மீனை உள்ளே வைக்காதீர்கள். தண்ணீரோடு மீனும் மெல்லச் சூடேறினால் சாறு கசிந்து சதை தொய்ந்துபோகும்.

தீ முழுதாக எரியட்டும். மீனை வைத்து மூடிய கணத்திலிருந்து 8 நிமிடம். அடுப்பை அணைத்து, மூடியைத் திறக்காமல் இன்னும் 2 நிமிடம். 600–700 கிராம் மீனுக்கு இந்தக் கணக்கு. 1 கிலோ மீன் என்றால் 11 நிமிடமும் அந்த 2 நிமிடமும். ஓர் அங்குலத் தடிமனுள்ள துண்டு மீனுக்கு மொத்தமே 6, 7 நிமிடம். இடையில் மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சேர்ந்த ஆவியெல்லாம் போய்விடுகிறது.

இவ்வளவு குறைந்த நேரம் எப்படிப் போதும் என்று நானும் நம்பவில்லை. 1 கிராம் கொதிநீர் 100 டிகிரியிலிருந்து 0 வரை குளிர்ந்தால் சுமார் 420 ஜூல் வெப்பத்தைத் தரும். அதே 1 கிராம் நீராவி, மீனின் மேல் பட்டு நீராக மாறும் அந்த ஒரு செயலிலேயே சுமார் 2,260 ஜூலை இறக்கிவிடுகிறது. மீனும் எளிதில் வெந்துவிடக்கூடியது. ஆட்டிறைச்சியில் இருப்பதுபோல் இறுகிய இணைப்புத் திசு அதில் இல்லை. உள்ளே 63 டிகிரி வந்தால் சாப்பிடுவதற்குப் பாதுகாப்பாக வெந்துவிட்டது.

வெந்ததா என்று பார்க்க, முதுகின் தடித்த இடத்தில், நான் கீறச் சொன்ன அந்தக் கீறலில், ஒரு மெல்லிய குச்சியை இறக்குங்கள். தடையில்லாமல் முள்வரை போக வேண்டும். லேசாக நெம்பினால், கண்ணாடி போலிருந்த சதை பால்வெள்ளையாகி, முள்ளிலிருந்து மனமில்லாமல் பிரிவது தெரியும். அந்த ‘மனமில்லாமல்’தான் அடையாளம். தானாகக் கழன்று விழுந்தால் நேரம் கடந்துவிட்டது. குச்சி இடறினால் மறுபடி மூடி, அடுப்பை ஏற்றி ஒரு நிமிடம்.

எண்ணெய் ஊற்றும் கட்டம்

மீன் வேகும்போதே ஒரு சிறு பாத்திரத்தில் சாற்றுக்கான எல்லாவற்றையும் கலந்து, சர்க்கரை கரையும்வரை மட்டும் சூடாக்கி வையுங்கள். மீதி இஞ்சியையும் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியையும் தீக்குச்சியைவிட மெல்லியதாக அரிந்துகொள்ளுங்கள்.

தட்டை வெளியே எடுத்தால் அடியில் கலங்கலான நீர் தேங்கியிருக்கும். சத்து என்று நினைத்து அதை வைத்துக்கொள்ளாதீர்கள். கவிச்சி முழுவதும் அதில்தான் இறங்கியிருக்கிறது. மீனைக் கரண்டியால் பிடித்துக்கொண்டு தட்டைச் சாய்த்து முழுவதையும் கொட்டிவிடுங்கள். வெந்த இஞ்சியையும் தண்டுகளையும் நீக்கிவிட்டு, புதிதாக அரிந்ததையும் கொத்தமல்லியையும் மீனின் மேல் குவித்து வையுங்கள்.

இப்போது கடலை எண்ணெயை மெல்லிய புகை எழும்வரை காயவிட்டு, குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லி, கையை நீட்டிப் பிடித்து அந்தக் குவியலின் மேல் நீளவாக்கில் ஊற்றுங்கள். தாளிப்பில் கறிவேப்பிலை விழுந்தாற்போல் ‘சொய்’யென்று சத்தம் வரும், இஞ்சியின் பச்சைக் காரம் அடங்கி, வாசனை கூடம்வரை போகும். சத்தம் வரவில்லையென்றால் எண்ணெய் காயவில்லை. எண்ணெய்க்குப் பிறகுதான் சாறு. அதையும் மீனின் மேல் ஊற்றாமல் தட்டின் ஓரமாக விடுங்கள். தோல் வெள்ளையாகவே நிற்கும், ஒவ்வொருவரும் வேண்டிய அளவு தொட்டுக்கொள்ளலாம். முதலிலேயே சாற்றை ஊற்றினால் அதன்மேல் விழும் எண்ணெய் தெறித்துக் கையைச் சுட்டுவிடும்.

இந்த முறை கைக்குப் பழகிவிட்டால் மேலே ஊற்றுவதை மாற்றிப் பார்க்கலாம். தாய்லாந்தில் இதே கொடுவாவை வேகவைத்து, எலுமிச்சைச் சாறு, மீன் சாஸ், நறுக்கிய பூண்டு, பச்சைமிளகாய் கலந்து ஊற்றுகிறார்கள். காரம் விரும்புகிறவர்களுக்கு அது உடனே பிடித்துவிடும்.

பரிமாறுதல்

எண்ணெய் ஊற்றிய உடனே சாப்பிட உட்காருங்கள். ஆறினால் பாதிச் சுவை போய்விடும். மேல்பக்கச் சதையை நடுமுள்ளின் கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் ஒதுக்கி எடுங்கள். அது தீர்ந்ததும் மீனைப் புரட்டாதீர்கள். வாலைப் பிடித்து நடுமுள்ளைத் தலைவரை அப்படியே தூக்கினால் கீழ்ச்சதை முழுதாகத் தட்டில் கிடக்கும். மீனைப் புரட்டினால் படகு கவிழும் என்பது தென்சீனக் கரையோர மீனவர்களின் நம்பிக்கை. பாட்டி கடலுக்கே போகாதவர், ஆனாலும் புரட்ட விடமாட்டார். சீனப் புத்தாண்டு விருந்தில் மட்டும் மீனைத் தீர்க்காமல் கொஞ்சம் மிச்சம் வைப்பார். சீனத்தில் மீனுக்கும் மிகுதிக்கும் ஒலி ஒன்றுதான். மிச்சம் வைத்தால் ஆண்டெல்லாம் வீட்டில் குறைவிருக்காது என்று வாழ்த்தாக எடுத்துக்கொள்கிறார்கள்.

வெறும் வெள்ளைச் சோறு போதும். தட்டில் இருக்கும் எண்ணெயும் சாறும் கலந்ததைச் சோற்றில் விட்டுப் பிசைந்துகொள்ளுங்கள். தலையை ஒதுக்கிவிடாதீர்கள். கண்ணுக்குக் கீழே, செவுள் மூடிக்கு முன்னால், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கன்னத்துச் சதை இருக்கும். மீனிலேயே மிக மென்மையானது அதுதான், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே இரண்டு. பாட்டி அதில் ஒன்றைச் சாப்ஸ்டிக்கால் நோகாமல் எடுத்து என் சோற்றின் மேல் வைத்துவிட்டுத்தான் தன் கிண்ணத்தைக் கையில் எடுப்பார்.