கோடை விடுமுறை வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொதுத் தேர்வுகள் முடிந்ததும் கிருஷ்ணகிரி, பர்கூர், பாலக்கோடு வட்டாரங்களில் மேஸ்திரிகள் மாங்கூழ் தொழிற்சாலை போன்ற இடங்களுக்கு ஆள் கேட்டு வீடு வீடாக வரத் தொடங்கிவிடுவார்கள். கூலி வேலையில் காலம் தள்ளும் குடும்பத்தில், பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை இரண்டு மாதம் சம்பாதித்தால் அடுத்த ஆண்டுப் படிப்புச் செலவுக்கு ஆகுமே என்று பெற்றோர் நினைப்பதில் குற்றம் காண முடியாது. குறை, பெரும்பாலும் அனுப்பும் விதத்தில்தான் இருக்கிறது.

முதல் தவறு, முன்பணம் வாங்குவது. தகப்பன் கையில் ஐயாயிரம் விழுந்த அன்றே, எப்போது வேலையை விட்டு நிற்பது என்று முடிவு செய்யும் உரிமை பிள்ளையின் கையைவிட்டுப் போய்விடுகிறது. "சீசன் முடிந்ததும் மொத்தமாகத் தருகிறேன்" என்ற பேச்சை ஏற்பதும் இதற்குச் சமமானதே. மாங்கூழ் தொழிற்சாலைகளுக்குப் பெருமளவில் போகும் பெங்களூரா ரக மாங்காய் ஜூன், ஜூலையில்தான் வந்து குவியும். பள்ளி திறப்பதும் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை நடப்பதும் அதே நேரத்தில். பாக்கிக் கூலிக்காகப் பிள்ளை இன்னும் பத்து நாள், இன்னும் ஒரு வாரம் என்று நிற்கிறான். பிறகு வகுப்புக்குப் போகக் கூச்சப்பட்டு, அப்படியே நின்றுவிடுகிறான். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்விக்குப் போகிறவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறதே, அதுவும் இந்தப் பாக்கிக் கூலியோடு சேர்ந்து போய்விடுகிறது. ஆகவே கூலியை வாராவாரம் வாங்குவதும், கடைசி வேலை நாள் எதுவென்று முன்பே சொல்லி வைப்பதும் அவசியம். மேஸ்திரி பெரும்பாலும் சொந்தக்காரராகவே இருப்பார். அதனாலேயே பலருக்கு வாய் வருவதில்லை.

இரண்டாவது, வயதைப் பற்றிய அலட்சியம். பதினான்கு நிறையாத பிள்ளையை, குடும்பத் தொழிலில் விடுமுறை நாட்களில் ஆபத்தில்லாத ஒத்தாசை செய்வது நீங்கலாக, எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. நூறு நாள் வேலையிலும் அம்மாவுக்குப் பதிலாக மகளை அனுப்பக் கூடாது. அது பதினெட்டு நிரம்பியவர்களுக்கு மட்டுமே உரியது.

பதினான்கிலிருந்து பதினெட்டு வரை உள்ளவர்கள் ஆபத்தில்லாத வேலை செய்யலாம், ஆனால் மணிக்கணக்கு உண்டு. மூன்று மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் ஒரு மணி நேர ஓய்வு தர வேண்டும். அந்த ஓய்வையும் சேர்த்து நாளொன்றுக்கு ஆறு மணி நேரம்தான். மாலை 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலை வாங்கக் கூடாது, ஓவர்டைம் கிடையாது, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு. இது தெரியாமல், நைட் ஷிப்டுக்கு ஐம்பது ரூபாய் கூடுதல் என்றதும் பெற்றோரே சம்மதித்துவிடுகிறார்கள்.

கிரானைட் குவாரியும் பட்டாசுக் கிடங்கும் பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு முற்றிலும் விலக்கப்பட்டவை. 2023 அக்டோபர் 7 அன்று ஓசூரை அடுத்த அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை எரிந்தபோது, பண்டிகைக் கால வேலைக்குப் போயிருந்த அரூர்ப் பக்கத்து அம்மாபேட்டை இளைஞர்கள் பலர் இறந்துபோனார்கள். அவர்களும் சில நாள் வேலை என்று நம்பித்தான் போனார்கள்.

பெண் பிள்ளைகளை விடுதியுடன் கூடிய நூற்பாலைக்கு அனுப்பும்போது, "மூன்று வருடம் முடிந்ததும் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக" என்று யாராவது சொன்னால் அங்கேயே மறுத்துவிட வேண்டும். விடுமுறைக்குத்தானே என்று சேர்த்துவிட்டால் திரும்ப அழைத்து வருவது எளிதல்ல.

எழுதி வைக்காததும் ஒரு தவறே. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தேதி, போன நேரம், வந்த நேரம், வாங்கிய கூலி, மேஸ்திரியின் செல்போன் எண் ஆகியவற்றைப் பிள்ளையின் கையெழுத்திலேயே குறித்து வரச் சொல்லுங்கள். மாங்காய்ப் பால் பட்டுக் கை வெந்தால் அதையும் அந்தத் தேதிக்கு நேரே எழுதட்டும். கூலி நின்றாலோ, பிள்ளையை அனுப்ப மறுத்தாலோ 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவோடு அந்த நோட்டின் நகலையும் இணைத்துக் கொடுக்கலாம்.