வயல் வட்டைக்குள் இறங்கும் டபள் கப்: கிளச்சில் விடக்கூடாத பிழைகள்

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தபோது இரண்டு வரிசை ஆசனமுள்ள புது டபள் கப் பிக்கப்பின் விலையைக் கேட்டவர்கள் பேசாமல் பழையதையே தேடிப் போனார்கள். மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கம் வயலுக்கும் மாட்டுப்பட்டிக்கும் ஓடுகிற ஃபோர்வீல் வாகனங்கள் பல, அவற்றை ஓட்டுகிற பொடியன்களைவிட வயதில் மூத்தவை.

வாகனம் பழசு என்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஓட்டுகிறவரும் கழற்றுகிறவரும் புதியவர்களாக இருப்பதுதான் சிக்கல். அந்த வயதில் நாங்கள் விட்ட பிழைகளையே வரிசை மாறாமல் விடுகிறார்கள். ஐப்பசி மழை விழுந்து பெரும்போக விதைப்புத் தொடங்கியதும் கிளச் எரிந்த மணத்தோடு கராஜ் வாசலில் வந்து நிற்கிறார்கள்.

பெடலில் காலை வைத்துக்கொண்டே ஓடாதே, ஏற்றத்தில் அரைக் கிளச்சில் நிற்காதே என்பதெல்லாம் லைசன்ஸ் எடுக்கும்போதே சொல்லித் தந்திருப்பார்கள். அதை விடுவோம்.

நோய் தெரியாமல் கியர்பொக்ஸை இறக்குவது

"கிளச் போயிற்று" என்று வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது: பிடிக்கவில்லையா, பிரியவில்லையா? இரண்டும் வேறு வேறு வருத்தம். எஞ்சின் இரைகிறது, ஆனால் வாகனம் ஏறவில்லை என்றால் பிடிக்கவில்லை. எஞ்சினோடு சுழலும் ஃபிளைவீலில் அமுங்கி இழுவையைக் கியர்பொக்ஸுக்குக் கொடுக்கிற பிளேட் தேய்ந்திருக்கும், அல்லது அதில் ஒயில் பட்டிருக்கும். பெடலை அடிவரை மிதித்தும் கியர் விழவில்லை, றிவர்ஸ் போட்டால் கரகரக்கிறது என்றால் பிரியவில்லை. அப்படியானால் கியர்பொக்ஸில் கை வைக்க முதல் வெளியே பாருங்கள்.

பெடலின் அழுத்தத்தை ஃபுளுயிட் வழியாக வாங்கிக் கிளச்சைப் பிரிக்கிறது ஸ்லேவ் சிலிண்டர். பழைய டபள் கப் பலவற்றில் அது கியர்பொக்ஸின் பக்கவாட்டில் வெளியேதான் பூட்டியிருக்கும். வயல் சேறு முழுக்க அதன் மேல்தான் அடிக்கும். றப்பர் உறை கிழிந்தால் மண் உள்ளே போய் சீலைத் தின்றுவிடும். அந்த உறையை ஒரு விரலால் நீக்கிப் பார்த்தால், உள்ளே ஈரம் இருந்தால், நோய் அதுதான். மேலே பிளாஸ்டிக் குப்பியில் இருக்கிற ஃபுளுயிட் காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும் சாமான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கறுத்த தேத்தண்ணி நிறத்துக்கு வந்த பிறகும் அதையே வைத்துக்கொண்டு மேலால் ஊற்றி ஊற்றி ஓடினால் சிலிண்டர் உள்ளே துருப்பிடிக்கும். சின்ன சீல் கிட் ஒன்றைப் போட்டு, குழாயில் நின்ற காற்றை எடுத்தால் முடிகிற வேலைக்கு கியர்பொக்ஸை இறக்கிய ஆட்களைக் கண்டிருக்கிறேன்.

பிடிக்கவில்லை என்பதை உறுதிப்படுத்த ரோட்டிலேயே பார்க்கலாம். நாலாம் கியரில் மிதமாக ஓடும்போது எக்ஸிலேற்றரை நன்றாக அழுத்துங்கள். எஞ்சின் சத்தம் ஏறி, வேகம் ஏறாவிட்டால் பிளேட் வழுக்குகிறது. ஒருமுறை பார்த்தால் போதும். ஆட்களுக்குக் காட்டவென்று திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருந்ததும் போகும்.

லோ இருக்க, ஹையில் இழுப்பது

ஃபோர்வீல் போட்டால் வாகனத்துக்கு இழுவை கூடிவிடும் என்று நினைக்கிறார்கள். ஃபோர்வீல் லீவரில் இரண்டு நிலை: வேகத்துக்கு ஹை, இழுவைக்கு லோ. ஹையில் போட்டால் இருக்கிற இழுவை நான்கு சில்லுக்கும் பிரிந்து போகும், அவ்வளவுதான். கூடுவது லோவில். ஹைலக்ஸ் வகைகளில் லோவின் விகிதம் ஏறத்தாழ 2.5க்கு 1. அதே மூட்டை, அதே சேறு, சில்லுக்கு அதே இழுவை. ஆனால் லோவில் கிளச் தாங்க வேண்டியது ஐந்தில் இரண்டு பங்குதான். ஹையில் நகரத் தொடங்கும்வரை பிளேட் வழுக்கிக்கொண்டே இருக்கும், அந்த வழுக்கல் முழுவதும் சூடாக மாறும். லோவில் பெடலை விட்டதும் வண்டி நகரும், காலை எடுத்துவிடலாம்.

புதைந்த வண்டியை முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டி எடுப்பது இன்னும் மோசம். ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒரு வழுக்கல், அதுவும் ஆறவே விடாமல்.

உன்னிச்சைப் பக்கம் வாய்க்கால் கட்டில் ஒருவர் யூரியா ஏற்றிக்கொண்டு போய்ப் புதைந்தார். இருபது மூட்டை. மூட்டைக்கு 50 கிலோ, அதாவது ஒரு தொன், அதோடு ஆட்கள். போனில் கேட்டேன், "லோ போட்டியா மனே?" "அது இறுகிப் போய்க் கிடக்கு பாஸ். வாங்கின நாளில இருந்து ஒருநாளும் போட்டுப் பாக்கல்ல." வாகனம் வாங்கும்போது பாட்டுப் பெட்டியைப் போட்டுப் பார்த்தவர், அந்தச் சின்ன லீவரைத் தொட்டே பார்க்கவில்லை. மாதத்தில் ஒருநாளாவது மண் பாதையில் நிறுத்தி லோவைப் போட்டு நூறு மீற்றர் ஓடுங்கள், இறுகாது. காபட் ரோட்டில் வேண்டாம். அங்கே நான்கு சில்லும் ஒன்றாகப் பூட்டுப்பட்டபடி வண்டி வளைவில் திரும்பினால் முறுக்கு முழுக்கப் பற்சில்லுகளில் ஏறும்.

மணலில் ரயர்க் காற்றையும் குறையுங்கள். ஆடி உற்சவத்துக்குப் பாணமையால் உகந்தை முருகன் கோயிலுக்கு வண்டி கொண்டு போகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். பாதையை விட்டு மணலுக்குள் இறங்க முதல் 18, 20 பிஎஸ்ஐக்கு இறக்கிவிட்டால் கிளச்சின் பாடு பாதியாகத் தெரியும். திரும்பித் தார் ரோட்டில் ஏற முதல் காற்றடிக்க மறக்கக்கூடாது.

பிளேட்டை மட்டும் மாற்றுவது

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ஃபோர்வீல் வாகனத்தில் கியர்பொக்ஸ் தனியே இறங்காது. முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் கழற்றி, குறுக்குச் சட்டத்தை விலக்கி, முன் பின் சில்லுகளுக்கு இழுவையைப் பிரிக்கிற ட்ரான்ஸ்ஃபர் கேஸோடு சேர்த்து ஜக்கில் இறக்க வேண்டும். ஒருவர் கீழே படுத்திருக்க இன்னொருவர் பின்னால் தாங்க வேண்டும். அவ்வளவு பாடுபட்டு இறக்கி வைத்த பிறகு உரிமையாளர் வந்து நின்று சொல்வார்: "பாஸ், பிளேட்ட மட்டும் மாத்துங்க. மத்ததெல்லாம் நல்லாத்தான் இரிக்கு."

நல்லாத்தான் இருக்கிறதா என்று பார்ப்போம்.

ஃபிளைவீலின் முகத்தைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள். வழுக்கி எரிந்த கிளச்சென்றால் நீலப் புள்ளிகள் தெரியும், மயிர்க்கோடாக வெடிப்புகளும் தெரியும். நீலம் பாய்ந்த இடம் சூட்டில் இறுகிய இடம். புது பிளேட் முழு முகத்திலும் உட்காராமல் அந்தத் திட்டுகளில் மட்டும் உட்காரும். வண்டி எடுக்கும்போது உதறும், திரும்பச் சூடாகும். லேத்தில் கொடுத்து முகத்தை எடுக்க வேண்டும். சில ஃபிளைவீல்களில், பிளேட்டை அமுக்கிப் பிடிக்கிற ப்ரஷர் பிளேட் பூட்டுகிற விளிம்பும் பிளேட் உட்காரும் முகமும் வேறு வேறு உயரம். லேத்காரர் முகத்தை மட்டும் எடுத்து விளிம்பை விட்டால் இடைவெளி கூடி, ப்ரஷர் பிளேட்டின் அமுக்கம் குறைந்துவிடும். இரண்டையும் ஒரே அளவு எடுக்கச் சொல்லிக் கொடுத்தனுப்புங்கள்.

அடுத்தது ப்ரஷர் பிளேட். நடுவில் இருக்கிற வில்லின் விரல் நுனிகளில் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். நகம் பள்ளத்தில் தட்டினால் அது முடிந்தது. பெடலை மிதித்ததும் அந்த விரல்களை அமுக்குகிற ரிலீஸ் பெயரிங்கைக் காதோரம் வைத்துச் சுழற்றினால் உள்ளே மண் இருப்பது கேட்கும். இதை மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவுகிற பொடியன்கள் இன்னும் இருக்கிறார்கள். அது மூடிய பெயரிங். கழுவினால் உள்ளே இருக்கிற கிறீஸ் கரைந்து வெளியே வரும், திரும்ப உள்ளே வைக்க வழியில்லை. கியர்பொக்ஸ் ஷாஃப்டின் நுனியைத் தாங்குகிற பைலட் பெயரிங் ஃபிளைவீலின் நடுவில் அல்லது கிராங்க் நுனியில் ஒளிந்திருக்கும் சின்னச் சாமான். அதைக் கழற்ற விசேட ஆயுதம் தேவையில்லை. ஓட்டைக்குள் கிறீஸை நிரப்பி, துளைக்குச் சரியான கம்பியை வைத்துச் சுத்தியலால் தட்டினால் கிறீஸே அதை வெளியே தள்ளும்.

கடைசியாக, எஞ்சினின் பின் ஒயில் சீல். எனக்கு எரிச்சல் வருகிற இடம் இது.

வெல்லாவெளிப் பக்கத்துத் தம்பி ஒருவர் வேறு ஊரில் ஒரு கராஜில் கிளச் போட்டிருந்தார். போட்டது பிளேட் மட்டும். அந்தப் போகம் முடிய முதலே வண்டி வழுக்கத் தொடங்கிவிட்டது. என்னிடம் வந்து, "பாஸ், பிளேட் புதுசு, டூப்ளிகேட்டத் தந்திட்டானுகள்" என்று கடைக்காரரை ஏசினார். இறக்கினோம். பிளேட்டில் கனம் அப்படியே இருந்தது, றிவெட்டுகள் ஆழத்தில் கிடந்தன. ஆனால் முகம் இரண்டும் கறுத்து, கண்ணாடிப் பளபளப்பு. ஃபிளைவீலில் விரலை வைத்தால் கறுப்பு ஒயில் ஒட்டியது. பின் சீலின் உதடு இறுகி, கிராங்கைச் சுற்றி ஒயில் கசிந்துகொண்டிருந்தது. முந்தி இறக்கியவர் அந்த ஈரத்தைக் காணாமல் இருந்திருக்க முடியாது. ஃபிளைவீலைத் துணியால் துடைத்துவிட்டு மூடியிருக்கிறார்.

கிளச் முழுவதிலும் மலிவான சாமான் அந்தச் சீல். அதை மிச்சம் பிடித்ததற்கு அந்தத் தம்பி இரண்டு தரம் இறக்குகூலி கொடுத்தார், இரண்டு பிளேட் வாங்கினார், அறுவடை நேரத்தில் நெல் ஏற்ற வாடகைக்கு உழவு மெசின் பிடித்தார். "பெற்றோல்ல கழுவி வெயில்ல காயப் போட்டா இந்த பிளேட்டையே பாவிக்கலாம்தானே?" என்றும் கேட்டார். ஏலாது. ஒயில் உள்ளுக்குள் ஊறிவிடும். பெற்றோல் மேற்பரப்பைத்தான் கழுவும். முதல் ஏற்றத்தில் சூடானதும் ஊறியது முழுக்க வெளியே வரும்.

உரிமையாளரை நான் குறை சொல்லமாட்டேன். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு சாமான் விலை எங்கே போனது என்று எல்லாருக்கும் தெரியும். கொழும்பில் வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்பி விலை விசாரித்து விசாரித்துத்தான் வாங்குகிறோம். என் கோபமெல்லாம் ஈரத்தைக் கண்ணால் கண்டும் "ஓம், மத்தது நல்லம்" என்று தலையாட்டுகிற மெக்கானிக் பாஸில்தான். காசு போதாவிட்டால் வாகனம் ஒரு கிழமை கட்டையில் நிற்கட்டும். சீலும் பைலட் பெயரிங்கும் போடாமல் கியர்பொக்ஸை ஏற்றச் சொன்னால் நான் ஏற்றமாட்டேன். அதற்காகக் கோபித்துக்கொண்டு போன ஆட்களும் உண்டு.

புதிய கொமன் ரெயில் டீசல் வாகனங்களில் பல இரட்டை ஃபிளைவீலோடு வருகின்றன. இரண்டு தட்டு, நடுவில் ஸ்ப்ரிங். அதைச் சாதாரண ஃபிளைவீலென்று நினைத்து லேத்துக்குக் கொண்டு ஓடாதீர்கள். கையால் இருபக்கமும் திருப்பிப் பாருங்கள். கம்பனி சொன்ன அளவைத் தாண்டி ஆடினால் மாற்ற வேண்டியதுதான். விலைக்குப் பயந்து ஒற்றைத் தட்டுக்கு மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். எஞ்சினின் அதிர்வு அதற்குப் பிறகு நேரே கியர்பொக்ஸுக்குப் போகும் என்பதைத் தெரிந்துகொண்டு மாற்றட்டும்.

கியர்பொக்ஸைத் தொங்கவிடுவது

இது கராஜ் பொடியன்களுக்கு. ஏற்றும்போது ஷாஃப்ட் நுனி பிளேட்டுக்குள் நுழைந்ததும் அப்பாடா என்று ஜக்கை விட்டுவிட்டு போல்ட் தேடப் போகிறீர்கள். அவ்வளவு பாரமும் பிளேட்டின் நடுவில் தொங்கும். நடு வளைந்தால் புது கிளச் முதல் நாளே பிரியாது. பிறகு சிலிண்டரைக் குறை சொல்லி இன்னொரு நாள் போகும்.

புது ப்ரஷர் பிளேட்டின் முகத்தில் துருப்பிடிக்காமல் ஒயில் பூசித்தான் வரும். துடைத்துவிட்டுப் பூட்டுங்கள். ஷாஃப்டின் பற்களுக்குக் கிறீஸ் பூசினால் மினுக்கம் தெரிகிற அளவு போதும். கூடினால் சுழற்சியில் தெறித்து பிளேட்டில் விழும்.

பெரிய ரயர்

205 ஆர் 16 இருந்த இடத்தில் 265/75 ஆர் 16 போட்டால் சில்லு பத்து வீதத்துக்குக் கிட்டப் பெருக்கும். கியர் அந்தளவுக்கு உயரும், கிளச் அந்தளவுக்குக் கூடச் சுமக்கும். வடிவுக்கு வடிவுதான்.

தண்ணீருக்குள் பெடலை மிதிப்பது

மாரியில் தாம்போதிகளுக்கு மேலால் தண்ணீர் போகும். இழுவையாகப் பாய்ந்தால் இறங்கவே வேண்டாம், அது கிளச் சம்பந்தப்பட்ட விசயமே இல்லை. மெதுவான தண்ணீரென்றால் கரையிலேயே லோவும் கியரும் போட்டுவிட்டு, மறுகரை ஏறும்வரை இடது காலைத் தரையில் வையுங்கள். நடுவில் பெடலை மிதித்தால் பிளேட்டும் ஃபிளைவீலும் பிரியும், அந்த இடைவெளிக்குள் தண்ணீரும் வண்டலும் போகும். பாதி வழியில் கியர் மாற்றுகிறவர்தான் அடுத்த கிழமை என்னிடம் வருவார்.

வெள்ளத்தில் நின்ற வாகனத்தை அப்படியே மாதக் கணக்கில் விட்டால் பிளேட் ஃபிளைவீலோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி, சும்மாவேனும் முற்றத்தில் நாலுதரம் முன்னுக்குப் பின்னுக்கு எடுங்கள். அதற்கு முதல் எஞ்சினுக்குள்ளும் டிஃபரென்சலுக்குள்ளும் தண்ணீர் போகவில்லை என்று ஒயிலைப் பார்த்துக்கொள்ளுங்கள். போகம் முடிந்து நிறுத்துகிற உழவு மெசினுக்குப் பெடலை அமுக்கித் தடியொன்றை முட்டுக்கொடுத்து வைப்பது இதற்காகத்தான்.

லாண்ட் ரோவரின் அடைப்பு

லாண்ட் ரோவரில் கிளச் கூட்டின் அடியில் ஒயில் வடிய ஒரு ஓட்டை இருக்கும், அதற்கு ஒரு திருகு அடைப்பு. தண்ணீரில் இறங்க முதல் அதைப் பூட்டுங்கள், ஏறியதும் கழற்றுங்கள். அப்படியே விட்டால் கசிகிற ஒயில் வெளியே வடியாமல் கிளச்சுக்குள் தேங்கும்.

புது பிளேட்டோடு அன்றைக்கே மூட்டை ஏற்றுவது

முதல் 500 கிலோமீற்றர் வெறும் வண்டியாக ஓடட்டும்.

பழைய சாமானைக் கேட்காமல் விடுவது

கராஜ் எதுவென்றாலும் கழற்றிய பிளேட்டையும் ப்ரஷர் பிளேட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். இரண்டு முகமும் ஒரேயளவாகத் தேய்ந்து றிவெட் வரை வந்திருந்தால் அது வயதுக்குத் தேய்ந்தது. கனம் இருக்க முகம் பளபளத்தால் ஒயில். ஓரங்கள் பொடிந்து எரிந்த மணம் அடித்தால் அது ஓட்டிய விதம். ஒரு முகம் மட்டும் தேய்ந்திருந்தால் பிளேட் ஷாஃப்டில் தாராளமாக ஓடவில்லை, பற்களைப் பார்க்கச் சொல்லுங்கள். நடு ஸ்ப்ரிங்குகள் கழன்று ஆடினால் கியரை அடித்து அடித்து விட்டிருக்கிறீர்கள். பழையதைக் காட்ட மறுக்கிற கராஜுக்கு இரண்டாம் தரம் போகாதீர்கள்.