வீட்டுக்கு ஓர் ஊர், கிளினிக்குக்கு ஓர் ஊர்: செட்டிநாட்டுப் பக்கம் குடிவர நினைக்கும் டாக்டர்களுக்கு

போன மாதம் ஒரு ஜூனியர் போன் போட்டு, "அக்கா, காரைக்குடியில கிளினிக் போடலாமா, இல்ல புதுக்கோட்டை நல்லதா?" என்று கேட்டாள். எந்த ஊர் என்று கேட்பதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வீடும் கிளினிக்கும் ஒரே ஊரில்தான் இருந்தாக வேண்டுமா? நான் பல் டாக்டர். தாம்பரத்தில் இருந்து கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார், மாமியாரின் துளசி மாடம் உட்பட எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு இங்கே வந்தோம். வீடு காரைக்குடியில், கிளினிக் தேவகோட்டையில். இரண்டுக்கும் நடுவே சுமார் 18 கிலோமீட்டர், காலையில் அரைமணி நேரம். தாம்பரத்தில் இருந்து அண்ணா நகர் போய் வந்தவளுக்கு இதெல்லாம் ஒரு தூரமே இல்லை.

இந்தப் பகுதியின் வசதியே இதுதான். காரைக்குடியை நடுவில் வைத்துப் பார்த்தால் தேவகோட்டையும் திருப்பத்தூரும் இருபது கிலோமீட்டர் சொச்சத்தில், புதுக்கோட்டை நாற்பதில், திருச்சியும் மதுரையும் ஏறக்குறைய தொண்ணூறில். அதனால் குடும்பத்துக்கு எது தோது என்று தனியாகவும், தொழிலுக்கு எது தோது என்று தனியாகவும் யோசிக்கலாம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் கடைசியில் இரண்டுக்கும் சுமாரான ஒரு ஊரில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

ஆனால் இது எல்லா டாக்டருக்கும் பொருந்தாது. குழந்தை டாக்டரும் பொது மருத்துவரும் கிளினிக் இருக்கும் ஊரிலேயே குடியிருப்பதுதான் சரி. ராத்திரி பதினொரு மணிக்குக் காய்ச்சலோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருபவர் உங்கள் வீட்டுக் கதவைத் தட்ட முடியாவிட்டால், மறுநாள் சளிக்கும் உங்களிடம் வரமாட்டார். பல், கண், தோல், பிசியோ என்றால் அந்தக் கட்டாயம் குறைவு.

குடும்பத்தை முதலில் பார்ப்போம். பிள்ளைகள் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும்போது ஊர் மாற்றாதீர்கள். பதினொன்றாம் வகுப்பில் சேர்க்கிற நேரம் வசதி, ஏனென்றால் எல்லாரும் அப்போதுதான் பள்ளி மாறுகிறார்கள், உங்கள் பிள்ளை மட்டும் புதுசாகத் தெரியாது. எங்கள் பெரியவள் எட்டாவது முடித்திருந்தாள், அதனால் தப்பித்தோம். சிபிஎஸ்இ வேண்டுமா, மாநிலப் பாடத்திட்டம் போதுமா என்பதை வரும் முன்னே முடிவு செய்யுங்கள், ஏனென்றால் தேர்ந்தெடுக்க அதிகப் பள்ளிகள் காரைக்குடியில் இருக்கின்றன, மற்ற ஊர்களில் குறையும். தேவகோட்டையிலும் தே பிரித்தோ மாதிரி பழைய பள்ளிகள் உண்டு, மட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். பழைய பள்ளியில் டிசி வாங்கும்போது எமிஸ் எண்ணையும் (பள்ளிக் கல்வித்துறைக் கணினியில் பிள்ளைக்கு உள்ள பதிவு எண்) குறித்துக்கொள்ளுங்கள், புதுப் பள்ளியில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது, சிக்ரி என்று எல்லாரும் சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, அதனால் வெளியூரில் இருந்து வந்து குடியிருப்பவர்கள் பழக்கப்பட்ட ஊர் இது. புதிதாக வந்தவரை "நீங்க எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பார்கள், ஆனால் பதில் சொல்லத் தெரியாவிட்டாலும் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார்கள். கணவரோ மனைவியோ அடிக்கடி சென்னை போக வேண்டிய வேலையில் இருந்தால் பல்லவன் எக்ஸ்பிரஸ் காரைக்குடியில் இருந்துதான் கிளம்புகிறது. அதிகாலையில் எழுந்துகொள்ளத் தெரிந்தவருக்கு அது பெரிய வரம், என் கணவருக்கு இன்னும் தண்டனை. அப்புறம் தண்ணீர். சம்பை ஊற்றுத் தண்ணீரைப் பற்றி காரைக்குடிக்காரர்கள் பெருமை பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். ஆனால் நீங்கள் பார்க்கும் வீட்டில் குழாய்த் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, போர்வெல்லில் வருவது உப்பா என்று வாயில் ஊற்றிப் பார்த்தே அட்வான்ஸ் கொடுங்கள். வயதானவர்களை அழைத்து வருபவர்கள் அவசர சிகிச்சைக்கு எங்கே ஓடுவது என்பதையும் கணக்கில் வையுங்கள்: புதுக்கோட்டையிலும் சிவகங்கையிலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அதற்கு மேல் என்றால் மதுரையோ திருச்சியோதான்.

இனி தொழில். எல்லாரும் செய்யும் தப்பு, ஊரில் எத்தனை போர்டு தொங்குகிறது என்று எண்ணுவது. நானும் எண்ணினேன். ஒரு நோட்டுப் புத்தகத்தோடு காரைக்குடியில் செக்காலை ரோட்டில் இருந்து நூறடி ரோடு வரை நடந்து பல் கிளினிக்குகளை எழுதினேன், பாதியில் கால் வலித்ததுதான் மிச்சம். போர்டு அதிகம் என்பதற்காகப் பேஷண்ட் இல்லை என்று ஆகிவிடாது, குறைவு என்பதற்காக உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள் என்றும் ஆகாது. எண்ண வேண்டியது பஸ்ஸை. பஸ் ஸ்டாண்டில் காலை எட்டரைக்கு ஒரு டீயோடு உட்கார்ந்து, எந்தெந்தக் கிராமத்து பஸ் வருகிறது, இறங்குபவர்கள் எந்தப் பக்கம் நடக்கிறார்கள், கையில் மருந்துச் சீட்டுப் பை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நாள் போதாது. ஒரு சாதாரண நாள், ஒரு சந்தை நாள், ஒரு ஞாயிறு. தேவகோட்டையில் உட்கார்ந்தபோதுதான் திருவாடானைப் பக்கத்தில் இருந்து எவ்வளவு பேர் வந்து இறங்குகிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. மாவட்டக் கணக்கில் அவர்கள் ராமநாதபுரம், ஆனால் பல் வலிக்கு மாவட்டம் தெரியுமா? திருப்பத்தூரும் அப்படித்தான், சிங்கம்புணரிப் பக்கத்து ஆட்கள் அங்கே வந்துதான் பஸ் மாறுகிறார்கள்.

அதே ஊரில் ஒரு மெடிக்கல் ஷாப்காரரிடம் பத்து நிமிஷம் பேச்சுக் கொடுங்கள். வலி மாத்திரை யார் வாங்குகிறார்கள், எந்த டாக்டருக்காக எந்த ஊருக்குப் போகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. அப்புறம் உங்கள் துறைக்கே உரிய சில கேள்விகள் உண்டு. எனக்கு அது லேப். பல்லுக்கு மேல் மாட்டும் கேப்பும் பல் செட்டும் வெளியூர் லேபில் செய்து வர வேண்டும். லேப் ஆள் தினமும் அந்த ஊருக்கு வருகிறாரா, வாரம் இரண்டு முறையா? பேஷண்ட்டைப் படுக்க வைத்துப் பார்க்கும் பல் சேர் ரிப்பேர் ஆனால் சர்வீஸ் ஆள் மதுரையில் இருந்து அன்றே வருவாரா? இதற்குச் சரியான பதில் இல்லாத ஊரை எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

இங்கே வரும் பேஷண்ட் யார் என்பதும் நகரத்தில் இருந்து வருபவர்களுக்குப் புதிது. பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சிகள், பிள்ளைகள் எல்லாம் சிங்கப்பூரிலும் சென்னையிலும். "டாக்டரம்மா, மகன் வியாழக்கிழமை வர்றான், அதுக்குள்ள செட்டு ரெடியாயிருமா?" என்று கேட்பார்கள். ஊரில் கல்யாணம் வந்தால் வெளிநாட்டில் இருந்து வந்தவர்கள் பத்து நாள் லீவில் மொத்தப் பல்லையும் பார்த்துவிட்டுப் போக நினைப்பார்கள். மற்ற மாதங்களில் கிராமத்து ஆட்கள், வெற்றிலை, புகையிலை, தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டு முற்றிய பல். செவ்வாய், வெள்ளி ரத்தம் பார்க்கக் கூடாது என்று பல் பிடுங்க மறுப்பவர்களும் உண்டு; அவர்களோடு வாதாடாமல் புதன்கிழமைக்கு எழுதிக் கொடுத்துவிடுவேன். ஆக, வருமானம் மாதா மாதம் ஒரே சீராக இருக்காது. எட்டு மாத வீட்டுச் செலவும் கிளினிக் வாடகையும் கையில் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள் என்பது என் கணக்கு, ஆறு போதும் என்பவர்களும் இருக்கிறார்கள்.

கட்டடம். இதில்தான் நான் சூடுபட்டேன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். செட்டிநாட்டுக்கு வந்ததும் எல்லாருக்கும் ஒரு ஆசை வரும்: முகப்பு, தேக்குத் தூண், வளவு என்கிற உள்முற்றம், ஆத்தங்குடிக் கல் தரை, அதில் ஒரு கிளினிக். எனக்கும் வந்தது. பழைய வீட்டின் முன்பகுதியை ஒருவர் வாடகைக்குக் கொடுத்தார், சேரையும் இறக்கிவிட்டேன். மூன்றாவது மாதம் மலேசியாவில் இருந்து ஒரு பங்காளி வந்து, "எங்களைக் கேக்காம யாரு விட்டது?" என்று நிற்கிறார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. இந்த வீடுகளில் பல தலைமுறைப் பங்கு இருக்கும், சாவி ஒருவரிடம் இருப்பதாலேயே வீடு அவருடையது ஆகிவிடாது. வீட்டுக்குள் ஒரு கல்யாணமோ சாமி கும்பிடோ வந்தால் எல்லாப் பங்காளிகளும் வந்து இறங்குவார்கள், அப்போது உங்கள் கம்ப்ரசரை எங்கே வைப்பீர்கள்? பழைய வீடு என்றால் பங்குதாரர் எத்தனை பேர் என்று முதலில் கேளுங்கள். எல்லாரும் கையெழுத்துப் போடட்டும், இல்லை பவர் வாங்கிய ஒருவர் போடட்டும். அதுவும் பதினொரு மாத அக்ரிமெண்ட்டோடு நிற்காமல், சில வருஷங்களுக்கு லீஸாக எழுதிப் பதிவு செய்யுங்கள். வக்கீலுக்குக் கொடுக்கும் காசு, சேரைக் கழற்றி மாட்டும் செலவைவிடக் குறைவு. நான் இரண்டாவதைக் கொடுத்தவள்.

தரை விஷயமும் உண்டு. பல் சேருக்குத் தண்ணீர், கழிவு, காற்று எல்லாம் அடியில் குழாயாக வர வேண்டும். ஆத்தங்குடிக் கல்லை உடைத்தால் அதே பூவும் அதே நிறமும் திரும்பக் கிடைக்காது. அது கண்ணாடிமேல் சாயமும் சிமெண்ட்டும் ஊற்றிக் கையால் செய்வது. தரையை உடைக்காமல் அரையடி உயரத்துக்கு மேடை கட்டி அதற்குள் குழாயை ஓட்டலாம். கிளினிக்கில் வழக்கமாகக் கழுவும் ஆசிட்டும் அந்தக் கல்லுக்கு ஆகாது, பளபளப்பு போய்விடும். பழைய வயரிங் கம்ப்ரசரையும், கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவையும் ஒன்றாகத் தாங்காது, த்ரீ ஃபேஸ் வாங்கிவிடுங்கள், கரண்டு பில் கமர்ஷியல் ரேட்டில்தான் வரும். இத்தனைக்கும் மேல், வாசலில் நாலு உயரமான படி. முழங்கால் வலிக்கும் ஆச்சியால் ஏற முடியாத கிளினிக் எவ்வளவு அழகாக இருந்து என்ன? இப்போது நான் இருப்பது பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிற தூரத்தில் ஒரு சாதாரண கான்கிரீட் கட்டடம், தரைத்தளம், ஒரே ஒரு படி.

பேப்பர் வேலை சுருக்கமாக. செட்டிநாடு இரண்டு மாவட்டத்தில் கிடக்கிறது: காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் சிவகங்கையில், பொன்னமராவதி, அரிமளம் பக்கம் புதுக்கோட்டையில். 1997ஆம் ஆண்டு தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின்படி கிளினிக்கைப் பதிவு செய்ய அந்தந்த மாவட்டத்து ஜேடி (மருத்துவப் பணிகள் இணை இயக்குநர்) ஆபீசுக்குத்தான் போக வேண்டும். மருத்துவக் கழிவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் வேண்டும். படுக்கை இல்லாத கிளினிக்குக்கு 2016ஆம் ஆண்டு விதிகளில் இது ஒருமுறை வாங்கினால் போதும். கழிவை எடுத்துச் செல்லும் நிறுவனத்தோடு ஒப்பந்தமும் வேண்டும். அவர்கள் வண்டி உங்கள் ஊருக்கு வருகிறதா என்று முன்னமே கேளுங்கள், ஏனென்றால் ரத்தம் பட்ட பஞ்சு மாதிரி மஞ்சள் பையில் போடும் கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. எக்ஸ்ரே மெஷின் என்றால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் ஈலோரா தளத்தில் பதிவு. காரைக்குடியும் புதுக்கோட்டையும் 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டன, அதனால் அங்கே சொத்து வரி, லைசென்ஸ் எல்லாம் இப்போது என்ன ரேட் என்று புதிதாகக் கேட்டுக்கொள்ளுங்கள், நாலு வருஷம் முன்னால் போட்டவர் சொல்லும் கணக்கை நம்ப வேண்டாம்.

கடைசியாக நாள் பார்ப்பது. நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, ஆடியிலும் மார்கழியிலும் இங்கே யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள், கிளினிக் திறப்புக்குக் கூப்பிட்டாலும் வர யோசிப்பார்கள். பள்ளி ஜூனில் திறக்கும், அதனால் வைகாசியில் வீட்டை மாற்றிவிட்டு, ஆடி முழுவதும் பேப்பர் வேலையையும் குழாய் வேலையையும் முடித்து, ஆவணியில் திறப்பது கச்சிதமாக வரும். ஆவணி தவறினால் தைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அக்டோபர் கடைசி வாரத்தில் மட்டும் வேண்டாம். 24ஆம் தேதி திருப்பத்தூரில் மருதுபாண்டியர் நினைவு நாள், 27 காளையார்கோவிலில் அவர்களுக்குக் குருபூஜை, 30 பசும்பொன்னில் தேவர் ஜெயந்தி, அந்த வாரம் ரோட்டில் கட்டுப்பாடு இருக்கும். மதுரையில் இருந்து சேர் மாட்ட வரும் ஆள், "அம்மா, ஒண்ணாம் தேதிக்கு அப்புறம் வரட்டா?" என்றுதான் கேட்பார்.