சேக்காளிகளோடு உவரிப் பக்கம் போகிறவர்களுக்கு

பாளையங்கோட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். கூடப் படித்த சேக்காளிகள் நாலு பேரும் நானும் வருஷத்துக்கு ஒரு தடவை, இரண்டு ராத்திரி தங்குகிற மாதிரி, திருநெல்வேலி ஜில்லாக் கடற்கரையில் இருக்கிற உவரியை அடுத்த ஒரு சின்ன ஊருக்குப் போய் வருகிறோம். எங்களில் ஒருத்தியின் பெரியம்மை வீடு அங்கே இருக்கிறது. ஏழு தடவை போயாயிற்று. கடைக்கு வருகிற பிள்ளைகள் போட்டோவைப் பார்த்துவிட்டு, "யக்கா, நாங்களும் போகணும், எப்படிப் போக?" என்று கேட்கிறார்கள். அவர்களிடம் துணி வெட்டிக்கொண்டே துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன்.

முதலில் மாசத்தைப் பாருங்கள். மாசியும் பங்குனியும்தான் நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து கடல் அடங்கியிருக்கும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று இன்னும் கிளம்பியிருக்காது. ஒரு வருஷம் ஒருத்திக்கு லீவு கிடைக்கவில்லை என்று ஆனியில் போனோம். கச்சான் காற்றில் மணல் முகத்தில் ஊசி மாதிரிக் குத்தியது. சோற்றுத் தட்டிலும் மணல். வள்ளங்களையே மேலே ஏற்றிப் போட்டிருந்தார்கள். இரண்டு நாளும் வாசலில் உட்கார்ந்து கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். தை மாசமும் கடல் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் உவரியில் அந்தோணியார் கோவில் திருவிழாவும் சுயம்புலிங்க சுவாமி கோவில் தைப்பூசமும் அதையொட்டியே வரும். தங்க இடம் கிடைக்காது. பங்குனி உத்திரத்தன்று ஜில்லா முழுக்கச் சாஸ்தா கோவிலுக்குப் புறப்பட்டுவிடும். அன்றைக்குப் பஸ்ஸில் கால் வைக்க முடியாது, அந்த நாளையும் தள்ளிவிடுங்கள்.

கிழமையும் முக்கியம். கடற்கரை ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போக மாட்டார்கள். காலையில் சர்ச்சில் பூசை, மதியம் ஓய்வு. மீன் ஏலம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வெள்ளி, சனி தங்குகிற மாதிரிப் போனால் சனிக்கிழமை விடியலில் பார்த்துவிடலாம். செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு உகந்த நாள், உவரியில் கூட்டம் இருக்கும்.

பஸ் சுலபம். திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்டிலிருந்து திசையன்விளை. அங்கிருந்து உவரி பத்து கிலோமீட்டர் அளவுதான். திருச்செந்தூரிலிருந்து வருகிறவர்களுக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் கன்னியாகுமரி போகிற பஸ் இருக்கிறது. ஆனால் உள்ளே இருக்கிற சின்ன ஊர்களுக்கு எப்போதாவதுதான் பஸ். இறங்கும்போதே கண்டக்டரிடம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை, கொசுவர்த்தி, நாப்கின், சில்லறைப் பணம் எல்லாவற்றையும் திசையன்விளையிலேயே முடித்துவிட வேண்டும்.

வேன் பிடித்துப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பக்கம் தேரி மண். பார்க்கக் கெட்டியாகச் சிவப்பாக இருக்கும், சக்கரம் ஏறினால் மாவு மாதிரிப் போகும். எங்கள் வேன் ஒரு தடவை பனங்காட்டுக்குள் பின்சக்கரம் பாதி புதைந்து நின்றுவிட்டது. டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கக் குழி ஆழமானதுதான் மிச்சம். பனையேறுகிற ஒரு அண்ணாச்சி வந்து, வண்டியை அணைக்கச் சொல்லி, டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் காய்ந்த பனை மட்டையையும் ஓலையையும் பரப்பிவிட்டு, "இப்போ மெதுவா எடும்" என்றார். ஒரே மூச்சில் ஏறிவிட்டது. பிறகு காற்று அடிக்கிற கடை வரை மெதுவாக ஓட்டிப் போனோம். தார் ரோட்டை விட்டு வண்டியை இறக்காதீர்கள்.

தங்குவதற்கு, ஊருக்குள் தெரிந்தவர் இருந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. இல்லையென்றால் உவரியிலேயே கோவிலுக்கு வருகிறவர்களுக்கான லாட்ஜுகள் இருக்கின்றன. அங்கே தங்கிக்கொண்டு பகலில் மற்ற ஊர்களுக்குப் போய் வரலாம். பெண்கள் மட்டும் போனால் கழிப்பறையும் உடை மாற்றுகிற இடமும் எப்படி என்பதை முன்கூட்டியே கேளுங்கள். கடற்கரையில் அதற்கென்று எதுவும் கிடையாது. நாங்கள் பழைய சுடிதாரோடுதான் கடலில் இறங்குவோம். சேலையோ துப்பட்டாவோ தண்ணீரில் காலைச் சுற்றும், வேண்டாம்.

யார் வீட்டிலாவது தங்கினால் கையில் என்ன கொண்டுபோவது? முதல் வருஷம் அல்வா வாங்கிப் போனோம். பெரியம்மை சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தார். அப்புறம்தான் புரிந்தது, அங்கே மீனுக்குப் பஞ்சமில்லை, பச்சைக் காய்கறிக்குத்தான் பஞ்சம். இப்போது பாளையங்கோட்டை மார்க்கெட்டில் கத்தரிக்காய், வெண்டைக்காய், கிடைத்தால் இரண்டு கிலோ சிறுகிழங்கு என்று ஒரு பை நிறைய வாங்கிப் போகிறோம். சிறுகிழங்கைக் கண்டதும் அவர் முகம் மலர்வதைப் பார்க்கவே போகலாம்.

இனி நான் எல்லாரிடமும் அழுத்திச் சொல்வது. கடலில் இறங்கும் முன் கரையில் வலை பார்த்துக்கொண்டிருக்கிறவரைக் கேளுங்கள். எங்கள் நாலாவது பயணத்தில் நடந்தது இது. பங்குனி மாசம், வெயில், அலை சின்னதாக இருந்தது. இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு இடம் மட்டும் அலையில்லாமல், கொஞ்சம் கலங்கலாக, குளம் மாதிரிக் கிடந்தது. குழந்தைகூட இறங்கலாம் போலிருந்தது. அங்கேதான் இறங்கினோம். முழங்கால் அளவுதான் தண்ணீர். காலடி மணல் கரைந்து ஓடுவது தெரிந்தது; என் கையைப் பிடித்திருந்த சேக்காளி இரண்டு எட்டு தானாகவே முன்னால் போனாள். இழுப்பில் அவள் விரல்கள் என் கையிலிருந்து ஒவ்வொன்றாக நழுவியதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. கரையிலிருந்து ஒரு பெரியவர் ஓடிவந்து, "நேரா வராதம்மா, பக்கவாட்டுல வா, பக்கவாட்டுல!" என்று கத்தினார். அவள் கரைக்கு இணையாக நகர்ந்தாள், பத்து எட்டில் அலை உடைகிற இடம் வந்தது, அந்த அலையே அவளைக் கரையில் தள்ளியது.

கரையில் ஏறின தண்ணீர் திரும்பிப் போகிற வழி அது. அந்த ஓட்டம் மணலை அரித்துப் பக்கத்தைவிட ஆழமாக்கியிருக்கும், அதனால்தான் அங்கே அலை உடைவதில்லை. அமைதியாகத் தெரிகிற இடம்தான் ஆபத்து. மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தக் கூடாது, சீக்கிரம் களைத்துப்போவோம். கரைக்கு இணையாக நகர வேண்டும். அன்று முதல் காலையில் எழுந்ததும் கேட்டுவிடுகிறோம். "இன்னைக்கு நீவாடு சரியில்ல மக்களே, காலை மட்டும் நனைச்சிட்டு வாங்க" என்றால் காலை மட்டும்தான் நனைக்கிறோம். நீவாடு என்றால் கடலின் ஓட்டம். கள்ளக்கடல் எச்சரிக்கை வந்திருந்தால் அதுவும் வேண்டாம். எங்கோ தெற்கே பெருங்கடலில் கிளம்பிய அலை, இங்கே காற்றே இல்லாதபோது திடீரென்று கரையேறும்.

விடியலில் ஏலம் நடக்கும்போது ஓரமாக நில்லுங்கள். அது அவர்களுடைய சம்பள நேரம். வலையைத் தாண்டிக் குதிப்பது, கேட்காமல் போட்டோ எடுப்பது, ஏலத்தில் போட்டிக்குக் கேட்பது எதுவும் கூடாது. ஏலம் முடிந்த பிறகு, எடுத்த அக்காமாரிடம் ஒரு கூறு சாளையோ நெத்திலியோ கேட்டால் தருவார்கள். பெரியம்மை சாளையை மிளகாய், தேங்காய், மாங்காய் அரைத்துப் போட்டு மண்சட்டியில் வைப்பார். கரண்டி போடாமல் சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றுவார், மீன் உடையாது.

பங்குனியில் போனால் பதநீர் கிடைக்கும். வெயில் ஏறும் முன் குடிக்க வேண்டும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருப்பதால்தான் அது புளிக்காமல் இருக்கிறது. பச்சைப் பனை ஓலையில் மடித்த பட்டையில் வாங்கிக் குடியுங்கள், டம்ளரில் அந்த வாசம் இருக்காது.

சும்மா இருக்கிற நாளில் உவரி சுயம்புலிங்க சுவாமி கோவிலுக்குப் போகலாம். கடல் மண்ணை ஓலைப்பெட்டியில் அள்ளித் தலையில் சுமந்து கரையில் கொட்டுவது அங்கே நேர்ச்சை. எங்களில் ஒருத்தி 11 பெட்டி சுமந்தாள். ஈர மணலின் தண்ணீர் காதோரம் வழிய வழிய நடந்தாள். கூட நடந்த எங்களுக்கே கழுத்து வலித்தது. இன்னொரு நாள் மணப்பாடு. சவேரியார் தங்கிய குகையும் குன்றின் மேல் திருச்சிலுவைக் கோவிலும் பார்க்கலாம், சாயங்காலம் போங்கள்.

பணத்துக்கு நாங்கள் செய்வது, கிளம்பும்போதே ஆளுக்கு ஒரே தொகையைப் போட்டு ஒருத்தி பர்ஸில் வைத்துவிடுவோம். டீ முதல் வேன் வரை அதிலிருந்துதான். மிஞ்சினால் வரும் வழியில் கருப்பட்டி வாங்கிப் பங்கு போட்டுக்கொள்வோம்.

கருவாடு வாங்கினால் செய்தித்தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஓலைப்பெட்டியில் வைத்து, மூடியைக் கயிற்றால் கட்டுங்கள். பிளாஸ்டிக் பையில் வேர்த்துக் கெட்டுப்போகும். பஸ்ஸில் பின் சீட்டில் உட்காருங்கள். வீடு சேர்ந்ததும் பெரியம்மைக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள், அதுவரை அவர் தூங்க மாட்டார்.